படகோட்டி குடித்திருந்தால் சட்டம் என்ன சொல்கிறது? கொள்ளிடத்தில் பாதி வழியில் திரும்பிய எங்கள் கதை

கும்பகோணத்துக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மனசு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை அம்மா, தங்கை குடும்பம், பிள்ளைகள் என்று மொத்தம் 9 பேர் கொள்ளிடம் கடலில் சேரும் பக்கத்துக்குப் போனோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். தெரிந்த ஒருவர் மூலமாகப் படகு பேசியிருந்தோம். ஃபைபர் படகு, மோட்டார் வைத்தது. முகத்துவாரம் வரை போய் பறவைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம்.

படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். அம்மாவை ஏற்றிவிடக் கை கொடுத்தபோதே வாடை அடித்தது. கேட்டேன். "ராத்திரி சாப்பிட்டது சார், காலையில தொடலை" என்றார். கயிற்றை அவிழ்க்க மூன்று தடவை முயன்றார். அப்போதே நான் எல்லோரையும் இறக்கியிருக்க வேண்டும். ஒன்பது பேர் ஆசையாக வந்திருக்கிறோம், நம்மால் கெட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

இருபது நிமிஷம் போயிருப்போம். தண்ணீருக்குள் இருந்த மணல் திட்டில் வேகமாக ஏறிவிட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விளிம்பில் உட்கார்ந்திருந்த தங்கை மகளின் பாவாடையை மச்சான் எட்டிப் பிடித்திராவிட்டால் அவள் தண்ணீருக்குள். லைஃப் ஜாக்கெட் மொத்தம் 4. அதுவும் பலகைக்கு அடியில் கிடந்தது. படகைத் தள்ள இறங்கியவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்க முடியாமல் தள்ளாடினார். அவரைப் பிடிக்க நான் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது.

கரைக்கு வந்ததும் ஏற்பாடு செய்தவர் சொன்னது இதுதான்: "முப்பது வருஷமா ஓட்டுறார், ஒரு கீறல் கிடையாது. டவுன்காரங்க நீங்க சும்மா பயப்படுறீங்க."

கேள்விகள்: குடித்துவிட்டு பைக் ஓட்டினால் ஊதச் சொல்லிப் பிடிக்கிறார்கள். படகுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா? புகார் கொடுத்தால் எங்கே கொடுப்பது? கொடுத்தால் அந்த மனிதரின் பிழைப்பு போய்விடுமே என்றும் உறுத்துகிறது.

---

சீர்காழித் தம்பி | ஞாயிறு, இரவு 10:15

அண்ணே, பயந்துட்டீங்க, புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன். அவங்க தண்ணியிலயே பொறந்து தண்ணியிலயே வளர்ந்தவங்க. மணல் திட்டு ஏறுறது குடிக்காதவனுக்கும் நடக்கும். முகத்துவாரத்துல திட்டு மாசத்துக்கு மாசம் இடம் மாறும். உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போடறவரை போலீஸ் கேஸ் வரைக்கும் இழுக்கணுமா?

---

பழையாறு கடலோடி | ஞாயிறு, இரவு 11:02

சீர்காழித் தம்பிக்கு: நானும் தண்ணியிலயே பொறந்தவன்தான். அதனாலதான் சொல்றேன், அந்தப் பேச்சை விடுங்க.

திட்டு இடம் மாறும்னு சொன்னீங்களே, அது உண்மை. அப்படி மாறுற திட்டை எதை வச்சுக் கண்டுபிடிக்கிறோம்? தண்ணி நிறத்தை வச்சு. அலை எங்க மடியுது, எங்க சுருங்குதுன்னு பார்த்து. வத்தமா ஏத்தமான்னு கணக்குப் போட்டு. மோட்டார் சத்தம் லேசா மாறினா காது பிடிச்சுக்கணும். எல்லாம் கண்ணும் காதும் செய்யுற வேலை. ரெண்டு ரவுண்டு உள்ள போனா மொதல்ல மங்குறது அந்தக் கண்ணும் காதும்தான். முப்பது வருஷ அனுபவம் போதையில பாதி ஆயிடும். ஆனா தைரியம் மட்டும் ரெண்டு மடங்காகும்.

எங்க பெரியப்பாவை அப்படித்தான் கொடுத்தோம். கார்த்திகை மாசம், வலை விட்டுட்டுக் காத்திருந்த நேரம். புயல் இல்ல, மழை இல்ல. கடல் எண்ணெய் ஊத்துன மாதிரிக் கெடந்துச்சு. ஒண்ணுக்குப் போகப் படகு ஓரத்துல எந்திரிச்சு நின்னாரு. அவ்வளவுதான். கூட இருந்தவங்களுக்கு ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. அஞ்சாறு பாகம் (ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) ஆழம்கூட இல்லாத எடம். அவரு மாதிரி நீச்சக்காரர் எங்க தெருவுல கிடையாது. மூணாம் நாள் தெற்க ஒதுங்குனாரு.

நீச்சல் தெரியும்ங்கிறது தெளிவா இருக்கிறவனுக்குத்தான் உதவும் தம்பி.

---

செவிலி அக்கா | திங்கள், காலை 6:20

இரவுப் பணி முடிந்து படித்தேன். கடலோடி அண்ணன் பெரியப்பாவுக்கு நடந்ததை மருத்துவம் எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். "நல்ல நீச்சல்காரர் எப்படி மூழ்கினார்" என்று கேட்டு அழும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடம்பை நிமிர்த்தி நிற்க வைப்பதில் உள்காதில் உள்ள ஒரு சிறிய உறுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மது முதலில் தொடும் இடங்களில் அது ஒன்று. தலைகுப்புற விழும்போது குளிர்ந்த தண்ணீர் ஒரு காதுக்குள் திடீரென்று புகுந்தால் தலை கிறுகிறுக்கும். போதையில் இருப்பவருக்கு அதோடு எது மேலே, எது கீழே என்பதே தெரியாமல் போகலாம். அவர் பலமாகத்தான் நீந்துவார், ஆனால் அடிப்பக்கமாக.

அடுத்தது மூச்சுக்குழாய். ஒரு சொட்டுத் தண்ணீர் தவறிப் போனாலே இருமி வெளியே தள்ளுகிறோம். அந்த அனிச்சைச் செயலை மது மழுங்கடிக்கும். கையில் கயிறு எறிந்தாலும் பிடிக்கத் தாமதமாகும்.

"குளிருக்கு இதமா இருக்கும்" என்று வாடைக்காற்று மாதங்களில் குடிப்பார்கள். உண்மையில் நடப்பது தலைகீழ். மது தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கும். தோல் சூடாகத் தெரியும், உள்ளிருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். ஈரத்தோடு காற்றில் நிற்பவருக்கு இது ஆபத்து.

ஒன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. படகில் வெயில், காற்று, தண்ணீர் மேல் பட்டுக் கண்ணைக் கூசும் வெளிச்சம், மோட்டார் அதிர்வு, ஓயாத ஆட்டம் எல்லாம் சேர்ந்து, குடிக்காதவரையே நாலு மணி நேரத்தில் மந்தமாக்கிவிடும். அதன் மேல் மது இறங்கினால் கரையில் தாங்கும் அளவு தண்ணீரில் தாங்காது.

இன்னொன்று. தண்ணீரில் இருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். குடித்தவர் வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பு அழுத்தம் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

---

மயிலாடுதுறை வக்கீல் | திங்கள், காலை 8:50

கும்பகோணத்து நண்பரின் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஊதச் சொல்லும் சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்றால் சாலையில் ஓடுவது. படகு அதில் வராது. "படகுக்குச் சட்டம் கிடையாது" என்று கரையில் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான். முடிவு மட்டும் தவறு.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவைப் பாருங்கள். 282-ஆம் பிரிவு படகுக்கென்றே எழுதப்பட்டது. மனித உயிருக்கு ஆபத்து வரும் வகையில், பிறருக்குக் காயம் ஏற்படக்கூடிய வகையில், முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ கலத்தைச் செலுத்தினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இதுவே 280-ஆம் பிரிவாக இருந்தது. அப்போது அபராதம் 1,000 ரூபாய்தான். யாரும் சாக வேண்டியதில்லை, காயம்படக்கூட வேண்டியதில்லை. ஆபத்தை உண்டாக்கினாலே போதும். குடித்துவிட்டு 9 பேரை ஏற்றி வேகமாகத் திட்டில் மோதியது கவனக்குறைவு இல்லை என்று வாதாடுவது கஷ்டம்.

284-ஆம் பிரிவு: கூலி வாங்கிக்கொண்டு, பாதுகாப்பில்லாத நிலையில் உள்ள கலத்திலோ அளவுக்கு மீறி ஏற்றிய கலத்திலோ ஆளைக் கொண்டுபோனால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். நாலு ஜாக்கெட்டுக்கு ஒன்பது பேர் என்பது இங்கே பேசப்படும்.

உயிர் போனால் நிலைமை வேறு. 106(1), கவனக்குறைவால் மரணம். முன்பு 2 ஆண்டாக இருந்தது இப்போது 5 ஆண்டு வரை. "இப்படி ஓட்டினால் ஆள் சாகலாம் என்று அவருக்குத் தெரியும்" என்று அரசுத் தரப்பு நிரூபித்தால் 105, கொலையாகாத மரணம் விளைவித்தல். 10 ஆண்டு வரை போகும். மும்பையில் 2006-ல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி நடைபாதையில் தூங்கிய 7 தொழிலாளர்கள் இறந்த வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றம் இந்த வழியைத்தான் ஏற்றது. அது சாலை வழக்கு. ஆனால் காரணம் சொன்ன விதம் தண்ணீருக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

"போதையில் தெரியாமல் நடந்துவிட்டது" என்பது தப்பிக்கும் வழியல்ல. ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு எதிராகவோ கொடுக்கப்பட்ட போதைக்கு மட்டும்தான் 23-ஆம் பிரிவில் விலக்கு. தானாகக் குடித்தவருக்கு அது கிடையாது.

இது போக, 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. இயந்திரப் படகுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் வேண்டும். மீன்பிடிப் படகில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் ஏற்றுவது இந்த இடத்தில்தான் மாட்டும். 2023 மே 7-ல் கேரளத்தின் தானூரில் 22 பேரைக் கொன்றது, மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகு. அங்கே பிரச்சினை குடி அல்ல. ஆனால் "இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

அணைக்கரை | திங்கள், காலை 9:30

வக்கீல் ஐயா, மோட்டார் இல்லாத தோணிக்கும் பரிசலுக்கும் இதெல்லாம் உண்டா? எங்கள் பக்கம் கொள்ளிடத்து நடுத்திட்டு வயலுக்குத் தோணியில்தான் போகிறார்கள். அறுவடை நாளில் ஓட்டுபவரும் ஏறுபவரும் சேர்ந்தே குடித்திருப்பார்கள்.

---

மயிலாடுதுறை வக்கீல் | திங்கள், காலை 9:55

உண்டு. நியாய சன்ஹிதாவில் கலம் என்றால் மனிதரையோ பொருளையோ தண்ணீர் வழியாகக் கொண்டுபோகச் செய்த எதுவும். மோட்டார் இருக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை.

---

டொராண்டோ தஞ்சாவூரான் | திங்கள், இரவு 7:10

இதே கேள்வி இங்கே கனடாவிலும் நீதிமன்றம் வரை போனது. 2017 ஏப்ரலில் ஒண்டாரியோவின் முஸ்கோகா ஆற்றில், பனி உருகி வெள்ளம் போன நேரம், ஒரு கனூ கவிழ்ந்தது. அது வெறும் துடுப்புப் படகுதான். அதிலிருந்த 8 வயதுச் சிறுவன் அருவியில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். துடுப்புப் போட்டவர் போதையில் இருந்தார். கனூ ஒரு கலமே இல்லை என்று வாதாடினார்கள். கலம்தான் என்று சொல்லி நீதிபதி தண்டித்தார்.

இங்கே குற்றவியல் சட்டம் கார், படகு, விமானம், ரயில் எல்லாவற்றையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரம்பு. முதல் குற்றத்துக்கே குறைந்தது 1,000 டாலர் அபராதம். ஒண்டாரியோவில் படகில் பிடிபட்டால் கார் ஓட்டும் உரிமமும் போகும். கோடையில் ஏரிகளில் போலீஸ் படகு வந்து நிறுத்தும், முதலில் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணும். அந்த உரிமம் போய்விடும் என்ற பயம்தான் என் நண்பர்கள் பலரை நிறுத்தியது. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

---

நாகை கப்பல்காரன் | திங்கள், இரவு 8:00

கூடுதலாக ஒன்று. பெரிய கப்பல்களில், கப்பல் பணியாளர் பயிற்சி பற்றிய உலக ஒப்பந்தத்தில் 2010-ல் மணிலாவில் செய்த திருத்தங்களுக்குப் பிறகு பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு ரத்தத்தில் 0.05 சதவீதம், மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்று உலகம் முழுக்க வரம்பு வந்துவிட்டது. என் கம்பெனியில் அதுவும் கிடையாது, பூஜ்யம்தான். அறுபதாயிரம் டன் கப்பலுக்கு இருக்கிற எண், பத்துப் பேர் ஏறும் படகுக்கு இல்லை. மூழ்குகிற மூச்சு இரண்டிலும் ஒன்றுதானே.

---

மண்ணின் மகன் முத்துப்பேட்டை | திங்கள், இரவு 9:25

நான் படகு ஓட்டுறவன். ஆத்துலயும் காயல்லயும் இருபது வருஷம். எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

ஓட்டுறவன் குடிச்சிருந்தா தப்பு, ஒத்துக்கிறேன். ஏறுறவங்க குடிச்சிருந்தா? பொங்கல் லீவு, தொடர் விடுமுறைன்னா வர்ற கூட்டத்துல பாதி அப்படித்தான். கூல்டிரிங்ஸ் பாட்டில்ல கலந்து எடுத்துட்டு வருவாங்க. நடு ஓடையில எந்திரிச்சு நின்னு ஆடுவாங்க, செல்ஃபி எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடிவருவாங்க. ஜாக்கெட் போடுங்கன்னா "நாங்க என்ன சின்னப் பிள்ளையா"ம்பாங்க. படகு சாயுறது யாரால? ஒருத்தன் விழுந்தா அவனை எடுக்க நான் குதிக்கணும். அவன் என் கழுத்தைக் கட்டிப்பான். ஏத்த மாட்டேன்னு சொன்னா அடுத்த படகுக்காரன் ஏத்திப்பான், என் வாடகை போச்சு. போன வருஷம் ஒருத்தன் அலையாத்தி வேர்ல குதிச்சுக் காலைக் கிழிச்சுக்கிட்டான். கேஸ் வந்தா பேரு என் பேருதான்.

---

மயிலாடுதுறை வக்கீல் | திங்கள், இரவு 10:05

முத்துப்பேட்டை அண்ணன் சொல்வது நியாயம். பொது இடத்தில் போதையில் தொந்தரவாக நடந்தால் நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவு: 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-லும் பொது இடத்தில் போதையில் இருப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதனால் "ஏற்ற மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏற்றிக்கொண்டால் பொறுப்பிலிருந்து நீங்கள் தப்ப முடியாது. ஆடுவார்கள் என்று தெரிந்தே ஏற்றினீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு கேட்கும். துறையில் உள்ள படகுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே முடிவு எடுத்தால்தான் வாடகைப் பிரச்சினை தீரும். தனியாள் நல்லவனாக இருந்து நஷ்டப்படுவது ரொம்ப நாள் ஓடாது.

இழப்பீடு பற்றித் தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள். பஸ் மோதினால் போக மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. படகு கவிழ்ந்தால் அந்தக் கதவு கிடையாது. 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டத்தின்படி சிவில் நீதிமன்றம், அல்லது காசு கொடுத்து ஏறியவர் என்றால் நுகர்வோர் ஆணையம். வருஷக்கணக்காகும். விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்திலோ, போதையில் இருந்தபோது நடந்ததற்குப் பணம் கிடையாது என்ற வரி வழக்கமாக இருக்கும். உடலைக் கூறாய்வு செய்து உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்பும்போது மது இருந்தது தெரிந்துவிடும். கணவரை இழந்த பெண் அந்த வரியைப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிறேன். திரும்ப அப்படி உட்கார விருப்பமில்லை.

---

ஓய்வு பெற்ற லஸ்கர் | செவ்வாய், காலை 7:15

படகைப் பத்தியே பேசுறீங்க. நான் கொள்ளிடக் கரையில லஸ்கரா, அதாவது ஆத்தையும் கரையையும் கவனிக்கிற ஆளா வேலை பார்த்தவன், ஒண்ணு சேர்க்கிறேன். சாயங்காலம் நாலு பேரு பாட்டிலோட ஆத்து நடுத்திட்டுக்கு நடந்தோ தோணியிலயோ போவான். குடிச்சிட்டு மணல்லயே தூங்குவான். மேட்டூர் நிறைஞ்சு உபரி திறந்தா முக்கொம்புல கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவாங்க. வெள்ளம் இரைச்சலோட வரும்னு நினைக்கிறாங்க. கீழத்தஞ்சாவூர்ப் பக்கம் அகல ஆத்துல அது சத்தமே போடாது. மணல் நனையும், அப்புறம் கணுக்கால், அப்புறம் முழங்கால். தெளிஞ்சவன் எந்திரிச்சு ஓடுவான். நாங்க தண்டோரா போட்டுட்டு, ராத்திரி டார்ச்சோட கரையில நின்னு கத்துவோம். குடிச்சவன் "வர்றோம் போங்க"ன்னு கையை ஆட்டுவான். அந்தக் கையை ரெண்டு தடவை காலையில பிணமாப் பிடிச்சு இழுத்திருக்கேன்.

---

சீர்காழித் தம்பி | செவ்வாய், காலை 8:40

கடலோடி அண்ணே, லஸ்கர் ஐயா, நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க தாய்மாமா இப்பவும் குடிச்சிட்டுத்தான் வலைக்குப் போறாரு. நேத்து ராத்திரி அத்தைகிட்ட இதையெல்லாம் படிச்சுக் காமிச்சேன்.

---

கும்பகோணத்துக்காரன் | வியாழன், மாலை 6:30

நேற்று மறுபடியும் அந்தத் துறைக்குப் போனேன். கையில் புகார் எழுதி வைத்திருந்தேன். கொடுப்பதற்கு முன் அவரை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் அவர் மனைவிதான் முதலில் பேசினார். காலையில் குடிக்காவிட்டால் அவருக்குக் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியவில்லையாம். ராத்திரி வலை, பகலில் சுற்றுலா ஆட்கள், மோட்டாருக்கு வாங்கிய கடன். அவர் தலை குனிந்தே இருந்தார். "பாப்பா எப்படி இருக்கு சார்?" என்று மட்டும் கேட்டார். என் தங்கை மகளைத்தான்.

புகாரை ஏற்பாடு செய்தவர் மேல் மாற்றி எழுதிவிட்டேன். பதிவு இல்லாத படகில், ஜாக்கெட் இல்லாமல், குடித்திருக்கிறார் என்று தெரிந்தே ஆள் ஏற்றி அனுப்பிக் கமிஷன் வாங்குபவர் அவர்தான். எங்கே கொடுப்பது என்று வக்கீல் ஐயா சொல்ல வேண்டும். படகோட்டி இனி ஆள் ஏற்ற மாட்டேன் என்று மனைவி முன்னால் சொன்னார். அது எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

---

மயிலாடுதுறை வக்கீல் | வியாழன், இரவு 7:20

உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுங்கள், நகலை மாவட்ட ஆட்சியருக்கு மனுவாகக் கொடுங்கள். முகத்துவாரம், கடல் பக்கம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணும் உண்டு. கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554. தேதி, நேரம், எத்தனை பேர், எத்தனை ஜாக்கெட், படகில் பதிவு எண் இருந்ததா என்று எழுதுங்கள். வாடை அடித்தது என்பது மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. அன்றைக்கே போலீஸ் வந்து மருத்துவரிடம் ரத்தம் எடுத்திருந்தால்தான் அளவு தெரிந்திருக்கும். அடுத்த முறை யாருக்கு நேர்ந்தாலும் கரையில் நின்றபடியே 112-ஐக் கூப்பிடுங்கள்.

---

செவிலி அக்கா | வியாழன், இரவு 8:45

கும்பகோணத்துத் தம்பி, அவசரமாக ஒன்று. காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் சொந்த வைராக்கியத்தில் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலையில் வலைக்குப் போய்விட்டால் இன்னும் மோசம். உடனே அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், மாத்திரை கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். செலவில்லை.

---

கும்பகோணத்துக்காரன் | வியாழன், இரவு 9:10

சொல்லிவிட்டேன் அக்கா. நேற்றிலிருந்து அவர் குடிக்கவில்லையாம், சாயங்காலத்திலிருந்து வியர்த்துக் கொட்டுகிறதாம். பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில் இப்போதே கிளம்புகிறார்கள். நானும் புறப்படுகிறேன்.